பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு நாம் செய்யக்கூடியது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டிக் கணக்கும் மோட்டார் ரிப்பேர் கணக்கும் முடிந்துவிட்டன. டீ வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் மாடியில் இருக்கும் நம் சார் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை, வலது கால் பலவீனமாக இருக்கின்றன. பேச்சு குழறுகிறது. நான்கு பேர் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டுதான் மாடி ஏறினோம். அவரிடமும் அந்த அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன். அவர் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னார்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன். என் அண்ணனுக்கு இதே நோய் வந்து நான்கு வருஷம் கூட இருந்து பார்த்தேன். அப்போது டாக்டர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் கேள்வி கேட்டுத் துளைத்து, கிடைத்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்து, மாத்திரை, பயிற்சி எதுவானாலும் அவரவர் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும், வெடித்தாலும் வரும். பெரும்பாலானவர்களுக்கு வருவது அடைப்பு வகை. சாருக்கு வந்ததும் அதுதான். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் அதற்குக் கீழே உள்ள வயலெல்லாம் ஒரே நாளில் கருகிவிடாது. அடைப்புக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் போகும், மற்றது வாடி நிற்கும். மூளையிலும் அப்படி ஒரு பகுதி உடனே செத்துவிடுகிறது, அதைச் சுற்றி ஒரு பகுதி வாடிய பயிராக நிற்கிறது. சீக்கிரம் ரத்தம் திரும்பினால் அந்தப் பகுதி பிழைக்கும். ஒரு பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் போடுவார்கள். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. ஆனால் அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும்.

பெண்ணாடத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு முக்கியம். விருத்தாசலம் போகவே அரைமணி ஆகும். அரியலூர் ஆனாலும், சிதம்பரத்தில் இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கிற பழைய ராஜா முத்தையா ஆஸ்பத்திரி ஆனாலும், பாண்டிச்சேரி ஜிப்மர் ஆனாலும் இன்னும் தூரம். ஆகவே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, "காத்து பட்டிருக்கும், படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். இப்போதே ஊசி போடும் வசதி எங்கே இருக்கிறது என்று ஆம்புலன்சில் வருபவரிடமே கேளுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தூங்கி எழுந்திருக்கும்போதே கை வரவில்லை என்றால், எழுந்த நேரம் கணக்கில் வராது, படுக்கப்போன நேரம்தான் கணக்கு.

என் அண்ணனுக்கு வந்தபோது ஒரு உறவினர் புறா பிடித்துவர ஆள் அனுப்பிவிட்டார், ரத்தம் தடவுவதற்கு. நம் பக்கத்தில் இந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது. புறா ரத்தத்தைத் தோலில் தேய்த்தால் மூளைக் குழாயில் இருக்கும் கட்டிக்கு ஒன்றும் ஆகாது, நேரம்தான் போகும். எண்ணெய் தேய்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பின்னால் நிதானமாக, மூட்டை முறுக்காமல் தேய்த்துவிட்டால் உடம்புக்குச் சுகமாக இருக்கும். முதல் நாளில் அதற்கு இடம் இல்லை.

ஆபத்துக் கட்டம் தாண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் என்ன? எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி, "பழையபடி ஆகிவிடுமா, எத்தனை நாள் ஆகும்?" நேர்மையான பதில்: முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக முன்னேற்றம் தெரியும். ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. பொதுவாகக் கால் முன்னால் தேறும், கை பின்னால் வரும், விரல்கள் கடைசி. நடக்க ஆரம்பித்துவிட்டவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் இருப்பது இதனால்தான். "நடக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று யாரும் கேட்காதீர்கள்.

செத்துப்போன நரம்பணு திரும்பி வராது. வீக்கம் வடிந்து, வாடி நின்ற பகுதி எழுந்துகொள்வது முதல் சில வாரங்களில் நடக்கும். அதற்குப் பிறகு வருகிற முன்னேற்றம் முழுக்கப் பழக்கத்தால் வருவது. உயிரோடு இருக்கும் பகுதிகள் செத்த பகுதியின் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்வது என்றால் திரும்பத் திரும்பச் செய்வது.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். 2009-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வகுப்பில் நோயாளி தன் கையால் ஏதாவது ஒரு வேலையைச் செய்து பழகியது சராசரியாக 32 தடவைதான். ஆய்வுக்கூடத்தில் மூளை மாறுகிறது என்று விலங்குகளிடம் காட்டிய பயிற்சிகளில் அதுவே தினம் நூற்றுக்கணக்கான தடவை. 32 எங்கே, 400 எங்கே! பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு மூன்று நாள் வந்து முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். மீதி நேரம் முழுக்கக் கை மடியில் சும்மா கிடந்தால் அது மடியில் கிடக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கவும் கூடாது. 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளை வைத்துச் செய்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நிற்கவைத்து நடக்கவைத்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பலன் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அதே ஆய்வை அலசிப் பார்த்தபோது, கொஞ்ச நேரமாகப் பல தடவை எழுந்தவர்கள் தேவலையாக இருந்ததாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபின்னும் இந்த முறையே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்து மூச்சு வாங்குவதற்குப் பதிலாகப் பத்துப் பத்து நிமிஷமாக ஆறு தடவை செய்யலாம்.

என்ன வேலை கொடுப்பது? ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதைவிட வாழ்க்கையில் தேவைப்படுகிற வேலையையே செய்து பழகுவது பலன் தரும் என்கிறார்கள். பட்டாணி உரிக்கலாம். துவரம்பருப்பையும் கொண்டைக்கடலையையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். டம்ளரை எடுத்து வைப்பது, துண்டை மடிப்பது, அந்தக் காலத்து ரேடியோ பொத்தானைத் திருகுவது, கோலப்பொடி எடுத்துப் புள்ளி வைப்பது எல்லாம் பயிற்சிதான். என் அண்ணனுக்கு நான் பேங்க் வேலையைக் கொடுத்தேன். பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு வாங்கிவந்து எண்ணச் சொன்னேன். முதல் வாரம் கட்டை எடுக்கவே முடியவில்லை. மூன்று மாதம் கழித்து நூறு நோட்டை எண்ணி முடிக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். கவுண்டரில் இருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

இன்னொரு முறை, நல்ல கையைக் கட்டிவைப்பது. தினமும் சில மணி நேரம் நல்ல கைக்கு ஒரு கையுறை மாட்டிவிட்டு, பலவீனமான கையாலேயே வேலை செய்யப் பழக்குவார்கள். 2006-இல் அமெரிக்காவில் 222 பேரை வைத்து நடந்த ஆய்வில், நோய் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்களுக்கும் இது பலன் கொடுத்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது அசைக்க முடிகிறவர்களுக்குத்தான் இது. அசைவே இல்லாதவரின் நல்ல கையைக் கட்டிப்போடுவது கொடுமை. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

அசைவே வராத கைக்கு ஒரு கண்ணாடி வைத்தியம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நம் தமிழர், நரம்பியல் நிபுணர் வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைக் குறைக்க ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999-இல் அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் அதையே ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வராத கை அசைவதாகக் கண்ணுக்குத் தெரியும். பிறகு பல நாடுகளில் சோதித்ததில் ஓரளவு பலன் இருப்பதாகவே வந்திருக்கிறது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான்.

இப்போது குடும்பத்தாருக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. "வீட்டில் மனுஷாள் இருக்கிறோம், நாங்களே பார்த்துக்கொள்வோம், பிசியோதெரபிக்கு ஏன் செலவு?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். நம் நாட்டிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் முன்னின்று, இந்தியா முழுவதும் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருடைய வீட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையேடும் கொடுத்து, வழக்கமான சிகிச்சையோடு வீட்டில் பயிற்சி செய்யவைத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்களும் இரண்டு பக்கத்திலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. அதற்காகக் குடும்பம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மருமகளுக்கு நாலு நாள் கற்றுக்கொடுத்துவிட்டால் அவள் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட மாட்டாள், அவ்வளவுதான். அவளுக்குச் சமையல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், தூக்கம் என்று ஒன்று இருக்கிறது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது மாற்றுவது என்று பார்க்கப் படித்த ஒருவர் தொடர்ந்து வந்தாக வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்குத்தான் நாம்.

படித்த அந்த ஒருவர் செலவில்லாமலும் கிடைப்பார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் இருக்கிறது. "அதெல்லாம் குடிசையில் இருப்பவர்களுக்கு" என்று நம் குடியிருப்பில் ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். நடமாட முடியாதவர் யாராக இருந்தாலும் கேட்கலாம்.

அடுத்து, பார்க்கப் போகிறவர்களுக்கு. நீங்கள் எல்லோரும் போவீர்கள், போகவும் வேண்டும்.

பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தசை தளர்ந்த தோள் மூட்டு சுலபமாக நழுவும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதும் அப்படித்தான். எப்படி எழுப்புவது என்று பிசியோதெரபிஸ்ட் அந்த அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி, இளநீர், ஹார்லிக்ஸ் எதையும் நீங்களாக வாயில் ஊற்றாதீர்கள். பக்கவாதத்தில் பலருக்கு விழுங்கும் தசை பாதிக்கப்படுகிறது. கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் அதிகம் ஆபத்து, சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் நிமோனியா வந்து போனவர்கள் நிறையப் பேர். குடித்ததும் இருமினாலோ, தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி குரல் மாறினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டதும் படுக்க விடக்கூடாது. ஆலைக்குக் கரும்பு போகிற ஊர் இது, பொங்கலுக்கு ஆசையாக ஒரு துண்டு நீட்டத் தோன்றும். வேண்டாம்.

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். கண் தெரியும், கவனம் போகாது. இலை போட்டால் உப்பும் ஊறுகாயும் பொரியலும் இருக்கும் இடது பக்கத்தைத் தொடாமல் எழுந்துவிடுவார். "ருசி பிடிக்கவில்லையா?" என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. இலையைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தி வைத்து, இடது பக்கம் பார்க்கச் சொல்லி நினைவூட்ட வேண்டும்.

நம் சாருக்கு இடது மூளை, அதனால் பேச்சு. பேச்சு போனவருக்கு அறிவு போய்விட்டதாக நினைத்துக் குழந்தையிடம் பேசுவது மாதிரி கொஞ்சுகிறார்கள். அல்லது காது கேட்காதவரிடம் கத்துவது மாதிரி கத்துகிறார்கள். அவர் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். நாம் பேசுவதில் பெரும்பகுதி புரிகிறது, சொல்தான் வாய்க்கு வரவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். டி.வி.யை அணையுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். வார்த்தை வருவதற்குள் நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். என் அண்ணனுக்கு அண்ணியின் பெயரே வாயில் வராது. ஆனால் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் ஓதுவார் தேவாரம் தொடங்கினால் கூடவே அடி மாறாமல் பாடிவிடுவார். கேட்டவர்கள் அதிசயம் என்றார்கள். டாக்டர் சொன்னது: பேச்சு பெரும்பாலும் இடது மூளை வேலை, ராகத்தில் வலது மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. இதை வைத்தே ராகமாக இழுத்துப் பேசவைக்கும் ஒரு பேச்சுப் பயிற்சி முறையும் வெளிநாட்டில் உருவாகியிருக்கிறது. நம் குடியிருப்பில் சனிக்கிழமை பஜனை நடக்கிறது. அதை இரண்டாம் மாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று பெண்கள் குழு யோசிக்க வேண்டும்.

திடீரென்று அழுவார், சிரிப்பார். சில சமயம் காரணமே இருக்காது, அது நோயின் ஒரு பகுதி. ஆனால் பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்மையான மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம் என்றால் சோம்பல் என்று திட்டாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். "சார் எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிற நாம், "நீங்கள் தூங்கினீர்களா அம்மா?" என்று கேட்பதில்லை. வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் யாராவது உட்கார்ந்தால் அவர் கோயிலுக்கோ கடைக்கோ போய்வரலாம்.

பணம் பற்றி. என் தொழில் இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்து மாறிவிடும். காசோலை திரும்பி வரும் என்ற பயத்தில் சில வீடுகளில் பிள்ளைகள் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள். அது குற்றம், தேவையும் இல்லை. உடம்பு முடியாத வாடிக்கையாளருக்கு ரிசர்வ் வங்கி தெளிவான வழி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாவிட்டால் கை ரேகையோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். பேங்குக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவர் ஒரு குறி போட்டாலும் போதும், அதே சாட்சிகள். பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் அவரே காட்டலாம். கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாவிட்டால் மேனேஜரிடம் போங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கும் நோயால் முடியாதவர்களுக்கும் பணம் கொடுப்பது, வாங்குவது, பென்ஷன் உயிர்ச்சான்று எல்லாவற்றையும் வீட்டுக்கே வந்து செய்துதர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி எல்லா பேங்குகளுக்கும் சொல்லிவிட்டது. உயிர்ச்சான்றை இப்போது போனில் முகத்தைக் காட்டியும் கொடுக்க முடிகிறது.

பவர் எழுதி வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகும். எப்போது தேவையோ அப்போது செல்லாது. நம் வயதுக்காரர்கள் கணக்கைக் கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கூட்டுக் கணக்காக மாற்றிவைத்துக்கொள்வது இதைவிட உபயோகம். இன்றைக்கே செய்யலாம், கட்டணம் கிடையாது.

மருந்துச் செலவு. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதைத் தடுப்பது பி.பி. மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு வேறு மாத்திரை. பெரும்பாலும் மலிவானவை. "நல்லாத்தானே இருக்கிறேன்" என்று இவற்றை நிறுத்திவிட்டு, மூளைக்குச் சத்து என்று விலை உயர்ந்ததை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிட்டிகோலின் என்ற மருந்தை 2298 பேரிடம் சோதித்து 2012-இல் பலன் இல்லை என்று வந்தது. கை கால் சீக்கிரம் தேறும் என்று மனச்சோர்வு மாத்திரை ஃப்ளூஆக்ஸெடினை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் 3127 பேரிடம் சோதித்து 2018-இல் வந்த முடிவு: கை காலுக்குப் பலன் இல்லை, மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. டாக்டர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் பணம் பற்றாக்குறை என்றால் எது முக்கியம், எதைக் குறைக்கலாம் என்று அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, சங்கம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. சார் கீழே இறங்க வேண்டுமென்றால் மாடிப்படிதான். நம் படியில் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, ஏறும்போது வலது கைப் பக்கம். அவருக்கு வலது கை பிடிக்காது. இறங்கும்போது அதே கம்பி இடது பக்கம் வந்துவிடும், இறங்கிவிடலாம். திரும்ப ஏற முடியாது. ஒரு பக்கம் விழுந்தவருக்கு ஒற்றைக் கம்பி பாதி வழிக்குத்தான் துணை. இரண்டு பக்கமும் கம்பி வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இதைப் பிசியோதெரபிஸ்ட் பழக்கிக்கொண்டிருக்கிறார். கம்பி இருந்தால் ஒரு ஆள் துணையோடு கீழே வந்து நம்மோடு உட்காரலாம் என்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு ஸ்டூல், முதல் மாடித் திருப்பத்தில் எரியாத அந்த விளக்கு, படியில் வைத்திருக்கும் செருப்பு ஸ்டாண்டுகளை எடுப்பது, இவையும் சேர்த்து.

கீழே வர ஆரம்பித்ததும் கோயிலுக்கு அழைத்துப்போக ஆசைப்படுவீர்கள். காலை ஏழு மணிக்குள் போய்விட்டு வாருங்கள். பலவீனமான காலில் பலருக்கு உணர்ச்சியும் குறைவு. பகலில் பிரகாரக் கல் சுட்டால் அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்தபிறகு நாம்தான் பார்ப்போம். ஒத்தடத்துக்கு வெந்நீர்ப் பை வைப்பதிலும் இதே எச்சரிக்கை.

கம்பிக்கு விருத்தாசலத்திலும் இங்கேயும் இரண்டு வெல்டிங் பட்டறைகளில் கொட்டேஷன் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று மாடிக்கும் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகு ஒரு விலை, பெயின்ட் அடித்த இரும்பு ஒரு விலை. வெள்ளையடிக்க ஒதுக்கிய பணத்தில் இரும்புக் கம்பி அடங்கும், வெள்ளையடிப்பு அடுத்த வருஷத்துக்குப் போகும். டீ குடித்துவிட்டு ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று தலைவர் சொல்கிறார். பிசியோதெரபிஸ்ட் வராத நாட்களில் காலை பத்து மணிக்கு அரைமணி நேரம் சாருடன் உட்கார்ந்து பருப்பு பிரிக்க, நோட்டு எண்ண வரக்கூடியவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். செவ்வாயும் வியாழனும் நான் எடுத்துக்கொள்கிறேன்.